மேடையில் மிருதங்கம், வாசலில் செபஸ்தியான்

கச்சேரி அழைப்பிதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாடுகிறவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். வயலின், மிருதங்கம், கடம் வாசிப்பவர்களின் பெயர்கள் அதற்கடுத்த அளவில் இருக்கும். அரங்கை அளித்தவர், நிதி உதவியவர், சில வேளைகளில் ஒலிபெருக்கி அமைத்தவர்கூட இடம்பெற்றிருப்பார். மிருதங்கத்தைச் செய்தவர் பெயர் மட்டும் இருக்காது. விடுபட்டது என்று எவரும் எண்ணுவதுமில்லை. இல்லாத ஒன்று இல்லை என்றே தோன்றாமற் போவதுதான் சாதியின் மிகப் பழைய திறமை.

கருநாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, பின்னர் காலச்சுவடு வழியாக 'செபாஸ்டியன் குடும்பக்கலை' என்று தமிழிலும் வந்துள்ள நூல், இந்த இல்லாமையைப் பற்றியது. மிருதங்கம் செய்யும் கைவினைஞர்களின் வரலாறு அது. இசை நூல்கள் நம் மாத இதழில் அடிக்கடி ஆராயப்படுவதில்லை. ஆயினும் இந்நூலைக் கத்தோலிக்க வாசகர் தவறவிடலாகாது. காரணம் தலைப்பிலேயே இருக்கிறது. செபஸ்தியான் யார்? தஞ்சையைச் சேர்ந்த கிறிஸ்தவர், தலித். அவர் வழிவந்த குடும்பமும், அதே தொழிலில் உள்ள வேறு பல குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இந்த வாத்தியத்தைச் செய்து கொடுத்து வந்துள்ளன. வாசித்துப் புகழ்பெற்றவர்களில் மிகப் பலர் பிராமணர்கள். செய்தவர்களில் மிகப் பலர் நம்மவர்கள். ஞாயிறு திருப்பலிக்கு வந்து பின்வரிசையில் நிற்கும் நம்மவர்கள்.

நூலின் சிறந்த பகுதி, வாத்தியம் உருவாகும் விதத்தைச் சொல்லும் பகுதியே. பலாக்கட்டையைக் குடைந்து உடல் செய்கிறார்கள். வலப்பக்கத்து வலந்தலைக்கும் இடப்பக்கத்துத் தொப்பிக்கும் பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்கள், அடுக்கடுக்காக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனத்தில் வேண்டும். இரு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும் வார் எருமைத்தோலால் ஆனது. வலந்தலையின் நடுவிலுள்ள கருவட்டம், சோற்றோடு கருங்கல் பொடியைப் பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை இட்டு, கல்லால் தேய்த்துத் தேய்த்து வளர்ப்பது. ஒரு பூச்சு கூடினால் நாதம் மந்தமாகும், குறைந்தால் சிதறும். எந்தத் தோல் எந்தச் சுருதிக்கு நிற்கும் என்பதைத் தடவிப் பார்த்தும் தட்டிப் பார்த்தும் கண்டுகொள்ள வேண்டும். அறுப்புக்கூடத்தில் இரத்தமும் ஈரமும் காயாத தோல்களிடையே நின்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அந்த மனிதரின் காதில் ஏற்கெனவே கச்சேரி தொடங்கிவிட்டது. அவரை 'தொழிலாளி' என்றும் வாசிப்பவரைக் 'கலைஞர்' என்றும் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது என்று நூல் கேட்கிறது. கேள்வியைக் கூச்சலாக எழுப்பவில்லை. பக்கம் பக்கமாகத் தோலைப் பற்றிப் பேசியே எழுப்புகிறது. அது இந்நூலின் வலிமை.

பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் பற்றி இசையுலகம் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசி வருகிறது. அவருக்கு வாத்தியம் செய்து கொடுத்த பர்லாந்து என்பவரைப் பற்றி அந்த அளவில் நூறில் ஒரு பங்கும் பேசியதில்லை. பர்லாந்து என்பது என்ன பெயர் என்று திகைக்க வேண்டாம். பெர்னாண்டஸ் என்ற ஞானஸ்நானப் பெயர், ஊர் நாவில் உருண்டு அப்படி ஆயிற்று. செபஸ்தியார் செவத்தியான் ஆனது போல. மணி ஐயர் நாதத்தில் ஏதோ ஒன்றைத் தேடினார் என்றால், அந்தத் தேடலுக்குப் பாதி விடை பர்லாந்தின் விரல்களில் இருந்தது. இருவருக்கும் இடையே மதிப்பு இருந்தது, உரிமை இருந்தது, கோபதாபமும் இருந்தது. கடக்க முடியாத ஒரு முற்றமும் இருந்தது. அன்பும் தீண்டாமையும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதை இந்நூலைப் போல அமைதியாகச் சொன்ன நூல் அண்மையில் வேறொன்று என் கண்ணில் படவில்லை.

இனி நூலுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும்; அதுவும் விமரிசனத்தின் பகுதியே. வெளியீட்டு விழா 2020 பிப்ரவரி 2 அன்று சென்னைக் கலாக்ஷேத்திராவின் ருக்மிணி அரங்கத்தில் நடப்பதாக இருந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் தோற்றுவித்து, 1993-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது. பசுத்தோலைப் பற்றிய பகுதி நாளேட்டில் வந்தவுடன், சமூக நல்லிணக்கம் குலையும் என்ற காரணம் காட்டி, கொடுத்த அனுமதியை நிறுவனம் திரும்பப் பெற்றது. விழா அதே நாளில் ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. நூலை வெளியிடும் மேடையில் ராஜ்மோகன் காந்தியும் தொல். திருமாவளவனும் இருந்தார்கள். எண்ணிப் பாருங்கள்: அந்த அரங்கத்தில் அன்றாடம் மிருதங்கம் ஒலிக்கலாம், அதன் மீது இருப்பது பசுத்தோல் என்று சொல்வதற்கு மட்டும் இடமில்லை. தோல் உள்ளே வரலாம். தோலைப் பதமாக்கியவனும் அவனைப் பற்றிய சொல்லும் வாசலோடு நிற்க வேண்டும்.

எங்கள் மங்களூர்க்காரர்களுக்கு இந்த மேடையில் ஓர் உறவு உண்டு. மங்களூர் என்றதும் மேற்குக் கடற்கரையையும் ஓட்டையும் நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இது கடலூர் மாவட்டத்து மங்களூர், விருத்தாசலத்துப் பக்கம். 2008-ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில் மறையும்வரை மங்களூர் என்றொரு தனித் தொகுதி இருந்தது. திருமாவளவன் 2001-இல் முதன்முதலாகச் சட்டமன்றம் சென்றது அத்தொகுதியிலிருந்துதான். 2020-இல் அவர் சிதம்பரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். சிதம்பரம் நந்தனாரின் ஊர். வாசலில் நின்றவனின் கதை பிறந்த ஊர். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைச் சபாக்கள் நூறாண்டுக்கும் மேலாக உருகி உருகிக் கேட்டு வந்துள்ளன. நந்தனின் மக்கள் அந்தச் சபாக்களில் எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டார்கள் என்று கேட்டால் உருக்கம் சற்றே உறைந்து போகும்.

நூலில் குறையே இல்லையா? உண்டு. எழுதுகோல் கடைசிவரை பாடகரின் கையிலேயே இருக்கிறது. அவர் கேட்கிறார், அவர்கள் சொல்கிறார்கள், அவர் எழுதுகிறார். தம் பிறப்பும் புகழும் தமக்குத் திறந்துவிட்ட கதவுகளை அவர் மறைக்கவில்லை, அது நேர்மை. ஆனால் நேர்மையால் மட்டும் கை மாறிவிடாது. பர்லாந்தின் வழியில் வந்த பெண்ணோ பையனோ எழுதும் நூல் வரும்போதுதான் இந்த நூலின் பணி முடிந்ததாகும். அதுவரை இதை முதல் அதிகாரமாகவே கொள்ள வேண்டும். இன்னொன்று: வாத்தியம் செய்பவரின் மகன் ஏன் வாசிப்பவனாக மேடை ஏறுவது அரிதாயிருக்கிறது என்ற கேள்வியை இன்னும் பிடிவாதமாகத் துரத்தியிருக்கலாம் என்று தோன்றுகிறது. நாதத்தை அவனைவிடச் சிறு வயதிலிருந்தே கேட்டவன் யார்?

கலாக்ஷேத்திராவைக் கடிந்துகொள்வது எளிது. நம் கேள்வி நம் வீட்டைப் பற்றியது. செபஸ்தியான், பெர்னாண்டஸ் ஆகிய பெயர்களை ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று கொடுத்தது திருச்சபை. பெயர் கொடுத்த திருச்சபை, அவர்கள் கையில் இருந்த கலைக்கு என்ன கொடுத்தது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, ஒவ்வோர் இனத்தாரின் இசை மரபுக்கும் உரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்று சொல்கிறது. அதன் 120-ஆம் பகுதி, குழல் ஆர்கனைப் போற்றிய பிறகு, மற்ற வாத்தியங்களையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்கிறது. அவை தூய பயனுக்கு ஏற்றவையாக, ஆலயத்தின் மாண்புக்கு ஒத்தவையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். ஆனால் மாண்பு எது என்று முடிவு செய்தவர்கள் யார்? தமிழகத்தில் அந்த முடிவை எடுத்தவர்களின் காதுகள் சபாக்களின் அருகே வளர்ந்த காதுகள். எனவே வீணை மாண்புடையது, மிருதங்கம் மாண்புடையது, பரதம் மாண்புடையது என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. பறை வரவில்லை. அது சாவுக்கு உரியது, சேரிக்கு உரியது என்ற பழைய தீர்ப்பையே நாமும் வழிமொழிந்தோம். சாவையே வென்றவரை வழிபடும் கூட்டம், சாவுக்கு அடித்த கருவி என்று ஒன்றை ஒதுக்கிய விந்தையை என்னென்பது! மிருதங்கத்தின் மீதும் மாட்டுத்தோல், பறையின் மீதும் மாட்டுத்தோல். இரண்டையும் பதமிட்ட கைகள் ஒரே தெருவைச் சேர்ந்தவை. வேறுபாடு தோலில் இல்லை; அதைத் தட்டும் விரலின் பிறப்பில் இருந்தது.

விவிலியத்தையே சான்றுக்கு அழைப்போம். செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கையில் எடுத்ததாக விடுதலைப் பயண நூலின் 15-ஆம் அதிகாரம் சொல்லும் கருவியை நாம் எந்தத் தமிழ்ச் சொல்லால் பெயர்த்தாலும், அது வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய சிறு கொட்டு. உருவத்தில் அது மிருதங்கத்துக்கு அல்ல, பறைக்கே உறவு. அதை அடித்தவர்கள் பெண்கள், நேற்றுவரை அடிமைகளாய்ச் செங்கல் அறுத்தவர்கள். 150-ஆம் திருப்பாடல் இறைவனைப் புகழ அழைக்கும் வாத்தியங்களின் வரிசையிலும் அக்கொட்டு இருக்கிறது. ஆகவே பறையை ஆலயத்துக்குப் புதியதென்று சொல்பவர்கள் தங்கள் விவிலியத்தை இன்னொரு முறை புரட்டிப் பார்க்கலாம்.

பண்பாட்டுமயமாதல் என்ற பெரும் பணியை நான் குறைத்துப் பேசவில்லை. அதன் வேர் எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. விருத்தாசலத்துக் கோயிலில் அம்மன் பெரியநாயகி. அருகே கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் மாதாவுக்கு எழுப்பிய ஆலயத்திலும் அன்னை பெரியநாயகியே. இத்தாலியில் பிறந்த அவர், மாதாவைச் சேலை உடுத்திய தமிழ்த்தாயாகக் கண்டார். தேம்பாவணியை எழுதி, காப்பிய மேடையில் சூசையப்பருக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார் என்பதை மறக்க வேண்டாம். புலவர் கேட்கத் தேம்பாவணி, எளியோர் சிரிக்கப் பரமார்த்த குரு. பின்வந்த நாம் முன்னதைப் பின்பற்றினோம், பின்னதை மறந்தோம். திருச்சியில் அருள்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி, பரதத்தையும் கருநாடக இசையையும் பட்டப்படிப்பாக்கி, எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் கட்டணம் கட்டிச் சேர்ந்து கற்கலாம் என்ற நிலையை உருவாக்கியது. குருவின் வீட்டுத் திண்ணை வரையே எட்ட முடிந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய வாசல் என்பதை இன்று உணர்வது கடினம். அதற்கு நன்றி சொல்லிவிட்டே அடுத்த சொல்லைச் சொல்கிறேன்: செவ்வியல் கலையைக் கிறிஸ்தவமாக்கியது போதவில்லை. கிறிஸ்தவரான ஏழைகளிடம் ஏற்கெனவே இருந்த கலையைக் கலையென்று ஒப்புக்கொள்வது அதைவிடக் கடினமான வேலை. அதை நம்மில் சிலரே செய்தனர்.

அந்தச் சிலரில் முதலில் நினைவுக்கு வருவது திண்டுக்கல் சக்தி கலைக்குழு. அருட்சகோதரி சந்திராவும் தோழியரும் 1990-இல் தொடங்கியது. பள்ளிப் படிப்பு நின்றுபோன தலித் இளம்பெண்கள் இங்கே பறையும் ஒயிலும் கரகமும் கற்கிறார்கள். கூடவே தையலும் பேச்சும் உரிமையும் கற்கிறார்கள். ஆண்கள் மட்டுமே, அதுவும் கூலிக்கும் கட்டாயத்துக்கும் அடித்த பறையைப் பெண்கள் நிமிர்ந்து நின்று அடித்தபோது, ஒரே அடியில் இரண்டு விலக்குகள் உடைந்தன. இசையியலாளர் ஜோயி ஷெரினியன் 2019-இல் இவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன் என்ற பெயரில், நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்; அவரிடமிருந்து நாம் கற்க வெட்கப்பட வேண்டியதில்லை. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலைக் கல்வித்துறையாகவே வளர்த்தது. 2007-இல் அருள்தந்தை ஜெகத் கஸ்பரும் கனிமொழியும் தொடங்கிய சென்னை சங்கமம், பூங்காக்களையும் கடற்கரையையும் கட்டணமில்லா அரங்குகளாக்கி நாட்டுப்புறக் கலைஞரை அங்கே கூட்டி வந்தது. சில ஆண்டுகள் நின்றிருந்த அவ்விழா 2023 பொங்கலில் அரசின் சார்பில் மீண்டும் நடந்தது.

இங்கே ஒரு மறுப்பைச் செவிமடுக்க வேண்டும். அது மேல்தட்டிலிருந்து வருவதன்று, அதனால்தான் கனமானது. பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்ததே எங்கள் முதல் விடுதலை என்று சொல்லும் தலித் பெரியவர்கள் பலர் உண்டு. ஊரார் சாவுக்கு அடிக்க அழைத்தபோது வர மறுத்து, அதற்காக அடி வாங்கிய தலைமுறை அது. அவர்களிடம் போய், பறை உங்கள் பெருமை, திருவிழாவில் வந்து அடியுங்கள் என்று பங்குப் பேரவை சொன்னால் அது மதிப்பா, பழைய கட்டளையின் புதிய உடையா? கொடியேற்றத்துக்குப் பறைக் குழுவை வரவழைத்து, தேருக்கு முன்னே நடக்கவிட்டு, விருந்தின்போது மண்டபத்துக்கு வெளியே இலை போடும் வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய பங்குகள் எத்தனை? கருவியை உள்ளே கொண்டுவருவது பாதி வேலையும் அன்று. அடிப்பதா வேண்டாமா என்பதை அந்த வீட்டுப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். அவன் வயலின் கற்க விரும்பினால் வயலின் கற்பிக்க வேண்டும். அவள் பாடற்குழுவை நடத்த விரும்பினால் நடத்த விட வேண்டும். வேறுபட்ட கலைகளுக்கு இடம் தருவது ஒன்று. அந்த இடத்தைப் பங்கிடும் மேசையில் இடம் தருவது வேறொன்று. நம் கலைக்குழுக்களும் இலக்கிய மன்றங்களும் (இந்த இதழ் போன்றவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்) முன்னதில் கொஞ்சம் முன்னேறியுள்ளன. பின்னதில் இன்னும் தயங்குகின்றன.

தயக்கத்தின் விலை எங்கள் மறைமாநிலத்துக்கு நன்றாகத் தெரியும். எறையூரில் 2008 மார்ச்சில் நம்மவர்களே இரு பிரிவாக நின்றார்கள். தலித் கத்தோலிக்கரின் சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியே போகலாம் என்பதும், அவர்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்பதும் அங்கே தகராறாயின. கலவரத்தில் காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர். கலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். செபமாலை மாதாவின் தேர் ஓடும் தெருவில் ஒருவனின் பிணம் போகக்கூடாது என்றால், அந்தத் தேரின் முன் ஒலிக்கும் இசை யாருடையது என்பதும் கலைப் பிரச்சினை மட்டுமாக இராது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை மழுப்பாமல் ஒப்புக்கொண்டது. கல்வி, வேலை, நிருவாகம் முதலியவற்றில் அவ்வறிக்கையை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பவர்கள் உண்டு. பாடற்குழு, நாடகக்குழு, கலைவிழாக் குழு ஆகியவற்றின் பட்டியலை அதன் அருகே வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

'கலையில் தகுதி ஒன்றே பார்க்கப்படும்' என்ற வாதத்தைப் பற்றி நீண்டு பேச விருப்பமில்லை. 2024-இல் சென்னை மியூசிக் அகாதெமி இதே கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி விருதை அறிவித்தபோது, தகுதியைப் பற்றியே பேசி வந்தவர்களில் சிலர் அவருடைய பாட்டைப் பற்றிப் பேசவில்லை, கருத்தைப் பற்றியே பேசினார்கள். சிலர் அந்த ஆண்டு மேடையையே துறந்தார்கள். 2018-இல் இயேசுவைப் பாட ஒப்புக்கொண்ட கருநாடக இசைக் கலைஞர்கள் மிரட்டப்பட்டு, ஓ.எஸ். அருணின் நிகழ்ச்சி நின்றதும், மாதம் ஒரு பாடல் இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடுவேன் என்று கிருஷ்ணா அறிவித்ததும் நம் வாசகர் அறிந்ததே. அப்போது நாம் மகிழ்ந்தோம். இயேசுவைப் பாடிய வாயைப் பாராட்டிய நாம், செபஸ்தியானை எழுதிய கையை எந்த அளவுக்குப் பாராட்டினோம்?

வாசல் என்று சொன்னேன். அது உவமையாக மட்டும் நின்றுவிட வேண்டாம். நம் பங்கு அரங்குகளின் மேடைகளுக்குப் படிகள் இருக்கின்றன, சாய்தளம் இருப்பது அரிது. சக்கர நாற்காலியில் இருப்பவர் பார்வையாளராக வரலாம், பாட வர முடியாது என்பதை அந்தக் கட்டடமே சொல்லிவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் அவர்களுக்கு உள்ள உரிமையைத் தனியாகவே கூறுகிறது. சட்டத்துக்கு முன்பே, விருந்துக்கு ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைக்கச் சொன்னவர் ஒருவர் நமக்கு உண்டு. லூக்கா 14-ஆம் அதிகாரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. முதல் வரிசை நாற்காலிகளைப் பற்றி யாக்கோபு தம் திருமுகத்தின் 2-ஆம் அதிகாரத்தில் எழுதியதை, கலைவிழா நாளன்று வரவேற்புக் குழுவினர் வாசிப்பது நல்லது. பொன் மோதிரக்காரர் இன்னும் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சில ஊர்களில் அவருக்குப் பொன்னாடையும் போடுகிறோம்.

விருத்தாசலத்துச் சூளைகளில் வெந்து வெளிவரும் பீங்கான் பொம்மைகள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் நிற்கின்றன. களிமண் பிசைந்தவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. பொம்மையைப் பரிசளித்தவரின் பெயர் நினைவிருக்கும். கைவினைக்கு நாடு முழுதும் இதே விதி என்பதால் மிருதங்கத்தை மட்டும் தனியே பழிக்க முடியாது. ஆயினும் ஒன்று செய்யலாம். வரும் சனவரி 20, செபஸ்தியார் திருநாள். பல ஊர்களில் தேர் உண்டு, கச்சேரியும் உண்டு. அதற்கான அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன், மேடைக்கு வரும் மிருதங்கத்தை எவர் செய்தார் என்று வாசிப்பவரிடம் கேட்டு, அந்தப் பெயரையும் அவர் ஊரையும் வாசிப்பவர் பெயருக்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில் அச்சிடலாம். அவரை வரவழைத்து முதல் வரிசையில் அமர்த்தலாம். நூலை வாங்கிப் பங்கு நூலகத்தில் வைக்கலாம். இரண்டு படிகள் வாங்கினால், ஒன்றைப் பாடற்குழுவிடம் கொடுக்கலாம்.